தேன்பெட்டியில் அந்து விழுந்தால் நமக்கென்ன?



அரிசியில் வண்டு, ரவையில் புழு, புளியில் பூச்சி, வெல்லத்தில் எறும்பு. மளிகைக் கடை வைத்திருக்கும் யாருக்கும் இவற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூட்டையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் நாம். ஆனால் நம் அலமாரியில் பளபளவென்று நிற்கும் தேன் பாட்டிலுக்குப் பின்னாலும் ஒரு பூச்சிக் கதை இருக்கிறது. அதை நாம் யாரும் கேட்பதில்லை. தேன் கெடாது, பூச்சி பிடிக்காது, ஆகவே தலைவலி இல்லாத சரக்கு என்று நினைத்துக்கொள்கிறோம்.

தேன் கெடாது என்பது உண்மைதான். தேன் வரும் பெட்டி கெடும். அது கெட்டால் நம் வியாபாரமும் கெடும், பெயரும் கெடும். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள் நாங்கள். விஞ்ஞானம் பேச வரவில்லை. காந்திபுரத்தில் நாற்பது வருடங்களுக்கு மேல் மொத்த வியாபாரம் செய்ததில் பார்த்ததையும், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டதையும் சொல்கிறோம்.

ஒரு பொட்டலம் பாச்சை உருண்டை

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் தேன்பெட்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் வருடா வருடம் எங்களுக்கு டின்னில் தேன் கொண்டுவருவார். ஒருமுறை வந்தபோது, தேன் எடுத்த பிறகு சும்மா அடுக்கி வைத்திருந்த அடைச் சட்டங்களில் அந்து விழுந்து அத்தனையும் தூளாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். எங்களுக்குப் பாவமாக இருந்தது. நாங்கள் பெரிய அனுபவசாலிகள் அல்லவா! துணிப் பெட்டிக்குப் போடுவதுபோல் போட்டு வையுங்கள் என்று ஒரு பொட்டலம் பாச்சை உருண்டையை எடுத்துக் கொடுத்தோம். காசுகூட வாங்கவில்லை.

அடுத்த பருவத்துத் தேன் வந்தது. பாட்டிலில் ஊற்றிச் சில்லரைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டோம். பத்தே நாளில் ஒரு கடைக்காரர் பாட்டிலோடு வந்தார். திறந்து முகர்ந்து பார்த்தால் பாச்சை உருண்டை வாடை. அனுப்பிய சரக்கு அத்தனையும் திரும்பி வந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் கோபமாகவே பேசினோம். அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, நீங்க குடுத்த உருண்டையைத்தானுங்க போட்டேன்."

அதற்குமேல் எங்களிடம் பேச்சில்லை. நஷ்டத்தை எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

நடந்தது இதுதான். உருண்டையிலிருந்து கிளம்பும் ஆவியை மெழுகு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்த அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்தால், தேனீ அதில் நிரப்பும் தேனுக்கு அது இறங்கும். உடுப்புக்கு ஆகும் மருந்து உணவுக்கு ஆகாது. இது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. தெரியாமலே யோசனை சொன்னோம்.

பூச்சி எப்போது வருகிறது?

அந்தப் பெரியவரிடம் பிறகு கற்றுக்கொண்டதுதான் முக்கியமான பாடம். தேன்பெட்டியின் முதல் எதிரி மெழுகு அந்துப்பூச்சி. இரவில் வந்து பெட்டியின் இடுக்குகளில் முட்டையிடும். புழு பொரித்து அடைக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும். போகிற வழியெல்லாம் நூலாம்படைபோல் வலை பின்னும், கறுப்பு எச்சம் போடும். பழைய, கறுத்த அடை என்றால் அதற்கு விருந்து. கொஞ்ச நாளில் தேனீக்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விடும். நம் நாட்டுத் தேனீக்கு அந்த ரோஷம் அதிகம்.

ஆனால் நிறைந்த கூட்டத்தோடு இருக்கும் பெட்டியில் அந்துவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. தேனீக்களே புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். கூட்டம் இளைத்து, உள்ள அடைகளை மூடி உட்கார ஆள் இல்லாதபோதுதான் அந்து குடியேறுகிறது. நம் குடோனிலும் அப்படித்தானே? ஓடுகிற சரக்கில் வண்டு விழுவதில்லை. மூலையில் மறந்துபோன மூட்டையில்தான் விழுகிறது.

ஆகவே இதற்கு வைத்தியம் மருந்துக் கடையில் இல்லை. வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அடிப்பலகையில் சேரும் மெழுகுத் தூளையும் குப்பையையும் துடைத்து எடுக்க வேண்டும். தேனீக்கள் மூடி உட்காராத அடைகளை வெளியே எடுத்துவிட வேண்டும். கறுத்துப்போன அடையை உருக்கிவிட்டுப் புதியது கட்ட விட வேண்டும். விரிசலை அடைக்க வேண்டும், வாசலைச் சிறிதாக்க வேண்டும். வெளியே வைக்கும் காலி அடைகளை வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். அல்லது காற்றுப் புகாத பெட்டியில் வைத்துக் கந்தகப் புகை போட வேண்டும். கந்தகப் புகையில் புழு சாகும், முட்டை சாகாது. எனவே சில நாள் விட்டு இன்னொரு முறை போட வேண்டும். பெட்டி குறைவாக இருப்பவர்கள் அடைகளைக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலை அறையில் வைத்து எடுத்தால் முட்டையும் சேர்ந்து சாகும்.

எறும்புக்கு இன்னும் எளிய வழி. பெட்டி நிற்கும் காலின் கீழ் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் போதும். நம் வீட்டுச் சமையலறையில் பலகார டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பதுபோலத்தான். கிண்ணம் வறண்டுபோகாமலும், புல்லோ கிளையோ பெட்டியைத் தொட்டுப் பாலம் போடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளவிக்கு, அருகிலுள்ள குளவிக் கூட்டை அழித்து, வாசலைச் சுருக்க வேண்டும். பஞ்சுருட்டான், கரிச்சான் குருவிகளை விரட்டத்தான் முடியும். இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு உண்ணி ஒரு பெரிய தொல்லை. நாட்டுத் தேனீ அந்த உண்ணியோடு காலங்காலமாகப் பழகியது. ஒன்றையொன்று சுத்தம் செய்துகொண்டு ஓரளவு சமாளித்துக்கொள்ளும்.

இத்தனையிலும் காசு செலவாகும் காரியம் எது? அநேகமாக எதுவும் இல்லை. செலவாவது ஆளின் நேரமும் கவனமும்தான். இங்கேதான் நாம் உள்ளே வருகிறோம்.

காலியாக வந்த வருடம்

1992-ஐத் தேன் வியாபாரம் பார்த்த மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1976-ல் தாய்லாந்தில் கண்டறியப்பட்ட 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய், 1991-92-ல் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம் என்று பரவியது. புழு கூட்டுப்புழுவாகும் முன்பே, தண்ணீர் நிறைந்த பைபோல் ஆகிச் செத்துவிடும். தென்னிந்தியாவில் நாட்டுத் தேனீக் கூடுகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் அழிந்ததாகக் கணக்கிட்டார்கள். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. மூலம் ஊன்றிய தேனீத் தொழில், ஊரே வீட்டுக்கு வீடு பெட்டி வைக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தக் கன்னியாகுமரி மாவட்டமே ஆடிப்போனது.

எங்கள் ஆனைமலைப் பெரியவர் அந்த வருடம் கையை வீசிக்கொண்டு வந்தார். "டின் இல்லீங்க தம்பி. பெட்டியெல்லாம் காலிங்க. புழுவெல்லாம் தண்ணியாப் போச்சுங்க" என்றார். நாங்கள் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அடுத்த வாரமே வேறு ஊர்ச் சரக்குக்கு ஆர்டர் போட்டோம். வியாபாரம் அல்லவா!

அந்த நோய்க்கு மருந்து கிடையாது. வைரஸை ஆன்டிபயாட்டிக் மருந்து ஒன்றும் செய்யாது. பிறகு தொழில் எப்படித் திரும்பி வந்தது? தப்பிப் பிழைத்த கூடுகளைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து ராணிகளை உண்டாக்கி, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கினார்கள். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். பலர் தொழிலையே விட்டார்கள். எங்கள் பெரியவர் நான்கு வருடம் கழித்து இரண்டு டின்னோடு வந்தார். அந்த நான்கு வருடமும் விற்க ஒன்றும் இல்லாமலே வாராவாரம் பெட்டி திறந்து பார்த்திருக்கிறார். அந்த உழைப்புக்கு நாம் யாரும் விலை கொடுத்ததில்லை.

மருந்து பெட்டிக்குள் போனால் பாட்டிலுக்குள் வரும்

2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தியது. அதே வருடம் செப்டம்பரில், டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 12 தேன் மாதிரிகளைச் சோதித்து, 11-ல் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருப்பதாக அறிவித்தது. மாதிரிகளில் பெயர் பெற்ற கம்பெனிகளின் தேனும், வெளிநாட்டுத் தேனும் உண்டு. புழு அழுகல் போன்ற நோய்களுக்குப் பயந்து, சர்க்கரைப் பாகில் மருந்தைக் கலந்து பெட்டிக்குள் வைப்பதுதான் இதற்கு முக்கிய வழி. 2020 டிசம்பரில் அதே மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது, 10 பிராண்டுகள் கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் உயர்தரச் சோதனையில் தேறவில்லை. கம்பெனிகள் மறுத்தன. அது அவர்கள் பாடு. ஆனால் அந்த வாரம் முழுவதும் வாடிக்கையாளர் கேள்வி கேட்டது யாரை? கல்லாவில் உட்கார்ந்திருந்த நம்மைத்தான்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பாச்சை உருண்டை நம் கடையில் விற்கிறது. பெட்டியைச் சுற்றித் தூவும் எறும்புப் பொடி நம் கடையில் விற்கிறது. பாகு காய்ச்சும் வெள்ளைச் சர்க்கரை மூட்டையும் நம் கடையிலிருந்துதான் போகிறது. பூ இல்லாத மழைக்காலத்தில் பட்டினி கிடக்கும் தேனீக்குச் சர்க்கரைப் பாகு வைப்பது தவறில்லை, அது தீவனம். பூ இருக்கும் காலத்தில், தேன் எடுக்கும் நேரத்தில் வைத்தால் அது கலப்படம். விற்கும் நமக்கு இந்த வித்தியாசமாவது தெரிந்திருக்க வேண்டும்.

விலையை அடித்தால் பெட்டி இளைக்கும்

இப்போது கசப்பான பேச்சுக்கு வருகிறோம். நாட்டுத் தேனீப் பெட்டி ஒன்றில் நல்ல வருடத்தில் 10 கிலோ தேன் எடுத்தால் அது பெரிய காரியம். அதைக் கொண்டுவருபவரிடம் நாம் என்ன பேசுகிறோம்? "மார்க்கெட்டில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, உன் விலை கட்டாது" என்கிறோம். தீபாவளி ஆர்டருக்கு இன்னும் நாலு டின் வேண்டும், எப்படியாவது கொண்டு வா என்கிறோம். நாங்களும் சொல்லியிருக்கிறோம், மறைப்பானேன்.

விலை குறைந்தால் அவர் எடையைக் கூட்டத்தான் பார்ப்பார். மேலறைத் தேனோடு நிறுத்தாமல், தேனீ தன் மழைக்காலச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கும் கீழறைத் தேனையும் பிழிவார். மூடி போடாத பச்சைத் தேனையும் சேர்த்து எடுப்பார். அதில் தண்ணீர் அதிகம். சட்டப்படி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. மீறினால் பாட்டிலில் நுரைத்துப் புளிக்கும். இது நமக்கு முதல் நஷ்டம். பட்டினி கிடந்த கூடு மழைக்காலத்தில் இளைக்கும். இளைத்த கூட்டில் அந்து விழும். தேனீ பறந்துவிடும். அடுத்த வருடம் அவரிடம் தேன் இருக்காது. இது இரண்டாவது நஷ்டம். இருக்கிற தேனைப் பெருக்கப் பாகு ஊற்றலாமா என்று அவருக்கு ஆசை வரும். அது மூன்றாவது நஷ்டம், அதற்குச் சட்டத்தின் முன் நிற்கப்போவது அவர் மட்டுமல்ல, நாமும்தான்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று பழமொழி சொல்வார்கள். எடுப்பவர் நக்குவது ஒரு துளி. நாம் விலையை அடித்து அவர் பெட்டியையே நக்கவைத்துவிடுகிறோம்.

மெழுகு அந்துக்கு முட்டையிட இடம் காட்டிக் கொடுப்பது நம் பேரம்தான் என்பது எங்கள் கருத்து. கடுமையாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் வரும்.

"எல்லாரும் விலை பார்த்துத்தானே வாங்குகிறார்கள், நான் மட்டும் அதிகம் கொடுத்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்" என்று அன்பர்கள் கேட்பது புரிகிறது. எங்களுக்கும் அதே கவலை உண்டு. ஆனால் நல்லெண்ணெயில் செக்கு எண்ணெய்க்கு அதிக விலை கொடுக்க ஆள் வந்தது எப்படி? கடைக்காரர் எடுத்துச் சொன்னதால் வந்தது. இந்தத் தேன் எந்த ஊர், எந்தப் பூ, எந்த மாதம் எடுத்தது என்று சொல்லக்கூடிய கடையில் நாலு பேர் வாங்கினாலும், அவர்கள் திரும்பி வருவார்கள்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, தேன் கொண்டுவருபவரிடம் விலைக்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். பெட்டி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்? காலி அடைகளை எப்படி வைக்கிறார்? பெட்டிக்குள் என்ன மருந்து வைத்தார்? நேர்மையானவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மழுப்புகிறவரை அடுத்த கேள்வி காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, பில் இல்லாமல் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ன்படி, உங்களுக்கு விற்றவர் கொடுக்கும் பில்தான் அவர் தரும் உத்தரவாதம். நாளை மாதிரி எடுத்துச் சோதனையில் தேறாவிட்டால், சரக்கு எங்கிருந்து வந்தது என்று காட்ட உங்கள் கையில் அது ஒன்றுதான் இருக்கும்.

மூன்றாவது, தேனைப் பாச்சை உருண்டை, சோப்பு, பூச்சி மருந்து பக்கத்தில் அடுக்காதீர்கள். தேன்பெட்டிக்கு என்று யாராவது பாச்சை உருண்டையோ பொடியோ கேட்டால் கொடுக்காதீர்கள். ஏன் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். எங்களுக்கு ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு லோடு நஷ்டம் மிஞ்சியிருக்கும்.

நான்காவது, பருவத்துக்கு முன்பே விலை பேசி, முடிந்தால் முன்பணம் கொடுங்கள். மழைக்காலத்துக்கு என்று கூட்டில் தேன் விட்டுவைப்பவருக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பருத்திக்கும் மஞ்சளுக்கும் முன்பணம் கொடுத்துப் பழகிய ஊர்தானே நம்முடையது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். கோவையிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள பூச்சியியல் துறையினர் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்திவருகிறார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017 முதல் தேன் இயக்கத்தில் பெட்டிகள் கொடுத்துவருகிறது. 2020-ல் மத்திய அரசு தேனீ வளர்ப்புக்கென்று 500 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் பெட்டி கொடுத்தால் மட்டும் போதாது, வாராவாரம் திறந்து பார்க்க ஆள் வேண்டும். பார்க்க ஆளில்லாத பெட்டி அந்துவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. ஆகவே பல்கலைக்கழகத்தார், பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கத்துத் தேனீ வளர்ப்போர், நம் வணிகர்கள் மூவரையும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே கூடத்தில் உட்கார வைக்கச் சங்கம் முன்வர வேண்டும். செலவில் ஒரு பங்கை நாங்கள் ஏற்கிறோம்.

பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் பெட்டி வைத்திருக்கிறார். போன முறை வந்தபோது, ஒரு டின் குறைவாக இருக்கிறதே என்று வாய்வரை வந்துவிட்டது. அவரே முந்திக்கொண்டு, "கீழறையில கை வைக்கலீங்கண்ணா, மழைக்கு வேணுமுங்க" என்றார். பேசிய விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்து எண்ணிக் கொடுத்தோம். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். பழைய ஒரு பொட்டலத்துக்கு வட்டி என்று சொல்லவில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டோம்.